கர்ப்பிணிக்கு முதல் பந்தி

கர்ப்பிணிகள் பரிசோதனை நாள் என்பதால் காலை ஒன்பதரைக்கே மகப்பேறு வெளிநோயாளர் பிரிவின் வராந்தாவில் உட்கார இடமில்லை. நாமக்கல் வட்டாரத்து அரசு மருத்துவமனை அது. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுள்ளவரின் அடையாளத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். நான் சந்தித்த பெண்கள் அதே ஊரில் கடைக்கும் கோயிலுக்கும் தலைநிமிர்ந்து போய்வர வேண்டியவர்கள்.

எடை பார்த்து, பிரஷர் பார்த்து, ரத்தம் கொடுக்க வரிசை நகர்கிறது. ஹீமோகுளோபின், சர்க்கரை, பால்வினை நோய் ஆகியவற்றுக்கான சோதனைகளோடு எச்.ஐ.வி. சோதனையும் இங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. அவர்களிடம் எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் ஊசி. வராந்தாவின் கோடியில், எச்.ஐ.வி. சோதனைக்கும் ஆலோசனைக்குமான ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை. உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலி, பூட்டு போட்ட பீரோ, பச்சைத் திரை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. லாரித் தொழில் செழித்த நாமக்கல் அதன் பிறகு இந்தத் தொற்றால் பட்ட துயரம் கொஞ்சமல்ல. அதே நாமக்கல் பக்கத்துப் பெண்ணான கௌசல்யா பெரியசாமி, திருமணத்தின் மூலம் தொற்றுக்கு ஆளானவர், 1998-ல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கித் தன் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து பேசினார். அன்றைக்கு எச்.ஐ.வி.க்கான மருந்து இலவசமாகக் கிடைக்கவில்லை. 2004 ஏப்ரலில்தான் அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. 2014 முதல், ரத்தத்தில் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் சரி, தொற்றுள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வாழ்நாள் முழுக்க மருந்து என்றாயிற்று. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. ஒழுங்காக மருந்தெடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

மருந்து இருக்கிறது, இலவசமாக இருக்கிறது. பிறகு என்ன சிக்கல்? அதைப் பார்க்கத்தான் நம்பிக்கை மைய ஆலோசகர் மேடத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், வந்த பெண்களின் அனுமதியோடு.

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். மேடம் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை, சாப்பாட்டைக் கேட்டார்.

“கண்ணு, நேத்து விடிஞ்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டே?”

“காலைல டீங்க, ரெண்டு வர்க்கி.”

“பொறவு?”

“மத்தியானம் சோறுங்க, ரசம்.”

“முட்டை?”

“மாமனாருக்கும் எங்கூட்டுக்காரருக்கும் வெச்சனுங்க. கொழுந்தனார் பையன் ஒண்ணு கேட்டான்.”

“உனக்கு?”

அதற்குப் பதில் வரவில்லை. நாட்டுக்கே முட்டை அனுப்புகிற வட்டாரம் இது. சாலையெங்கும் கோழிப்பண்ணை. அந்த வீட்டிலும் முட்டைக்குப் பஞ்சமில்லை. வேகவைத்து உரித்தவளின் தட்டுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று மேடம் கேட்டார். ஆண்கள் வந்து, குளித்து, சாப்பிட்டு எழுந்த பிறகு பத்தரை ஆகுமாம். கூட்டு மருந்து மாத்திரையை ஒன்பது மணிக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. அதனால் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று தள்ளி வைக்கிறார். பாத்திரம் கழுவிப் படுப்பதற்குள் சில நாள் மறந்து போகிறது. குமட்டலைப் பொறுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே போடும் நாளில் இன்னொரு தவறு நடக்கிறது. சத்து மாத்திரைகளையும் ஒரே வேலையாக முடித்துவிடலாமென்று இரும்புச்சத்து, கால்சியம், கூட்டு மருந்து மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி, வெறும் வயிற்றில் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுகிறார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று விளக்கியாக வேண்டும். மாநிலம் முழுக்க இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இன்றைக்குக் கொடுக்கப்படும் மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்துகள் ஒரே வில்லையில் இருக்கின்றன. இவற்றில் டோலுடெக்ராவிர் இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் கண்டால் வயிற்றுக்குள் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது ரத்தத்தில் சேராது. அந்தப் பெண் மாத்திரையைப் போட்டார் என்பது உண்மை. ஆனால் அதன் முழுப் பலன் உடம்புக்குப் போகவில்லை. இதற்கு வழி எளிது. வெறும் வயிற்றில் போடுவதானால், கூட்டு மருந்தைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சத்து மாத்திரை. சத்து மாத்திரையை முதலில் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிடும்போது சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் இந்தச் சங்கடம் இல்லை. நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் வாங்கும் சிரப் மட்டும் சாப்பாட்டோடுகூடச் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் அதே வேலையைச் செய்யும். கர்ப்ப காலத்தில் நெஞ்செரிச்சல் வராத பெண் யார்? அந்தச் சிரப்பைப் பற்றி டாக்டரிடம் சொல்லாதவர்கள்தான் அதிகம் என்றார் மேடம்.

அவர் ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுத்தோடு சூரியனையும் நிலாவையும் வரைந்தார். காலைப் பலகாரத்தோடு ஒரு கால்சியம். மதியச் சோற்றுக்குப் பிறகு இரும்பு, அதோடு டீ, காபி கூடாது. கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். இரவு எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குள் கூட்டு மருந்து. இரண்டாவது கால்சியத்தையும் அந்தச் சோற்றோடு முடித்துக்கொள்ளலாம். போட்டவுடன் வாந்தி வந்தால் தானாக முடிவெடுக்காமல் மையத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.

“எட்டரைக்கு நான் எப்படிங்க மொதல்ல சாப்பிடறது?” என்று அந்தப் பெண் கேட்டார்.

அந்தக் காலைப்பொழுதில் நான் கேட்ட கேள்விகளிலேயே கனமானது இதுதான். அவர் வீட்டில் கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். கணவருக்கும் தொற்று உண்டு, அவரும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார். மாமியாருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, அது அவருடைய உரிமை. மேடம் வேறு வழி பிடித்தார். கணவரை உள்ளே கூப்பிட்டார். “மாசமா இருக்கற புள்ளைக்கு ரத்தம் ஒம்பது கிராம்தான் இருக்குது, நேரத்துல சோறு போடோணும்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னு உங்கம்மாகிட்ட நீங்க சொல்லுங்க தம்பி. அது பொய்யில்லை. நீங்க சாப்பிட உக்காரறப்போ அவளையும் கூட உக்கார வைங்க” என்றார். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். அந்த இளைஞர் தலையாட்டினார். சங்கடப்பட்டார், ஆனாலும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வராந்தாவின் மறுகோடியில் சத்துணவுக் கண்காட்சி போல ஒரு மேசை போட்டிருந்தார்கள். முளைகட்டிய பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கம்பு, ராகி, நிலக்கடலை, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, அவித்த முட்டை, பால், வாழைப்பழம், கொய்யா. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகம் ஒன்றையும் திறந்து வைத்திருந்தார்கள். சத்துமாவு, பேரீச்சை, நெய், இரும்புச்சத்து டானிக். 18,000 ரூபாய் உதவியில் இத்தகைய பெட்டகம் இரண்டும் அடக்கம். தொற்றுள்ள பெண்ணுக்கென்று தனி மேசை கிடையாது. அது தேவையுமில்லை. எல்லாக் கர்ப்பிணிக்கும் எது நல்லதோ அதுவே அவருக்கும் நல்லது, அளவில் மட்டும் சற்றுக் கூடுதல்.

எவ்வளவு கூடுதல்? ‘ரெண்டு உசிருக்குச் சாப்பிடோணும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் இரண்டு மடங்கு வேண்டாம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 350 கிலோ கலோரி அதிகம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். எச்.ஐ.வி. உள்ள, மற்றபடி நோய் எதுவுமில்லாத ஒருவருக்கு உடம்பு அந்தக் கிருமியோடு மல்லுக்கட்டச் செலவிடுவதை ஈடுகட்ட இன்னும் பத்துச் சதவீதம், அதாவது 200 சொச்சம். காசநோய் போன்ற வேறு நோயும் சேர்ந்துகொண்டால் இருபது, முப்பது சதவீதம் வரை தேவைப்படும். 550 என்று காகிதத்தில் பார்க்கப் பெரிதாகத் தெரிகிறது. தட்டில் பார்த்தால் இரண்டு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு டம்ளர் பால், ஒரு பழம். அவ்வளவுதான். மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் டின் பவுடர் இந்தப் பெண்களுக்கு அவசியமே இல்லை. கூலி வேலைக்குப் போகும் கணவன் கடன் வாங்கி அந்த டின்னை வாங்கி வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்தக் காசுக்கு மாதம் முழுக்க முட்டையும் கடலையும் வாங்கலாம்.

வைட்டமின் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடுவதும் அப்படியே. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 1990-களில் தொற்றுள்ள கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பி, சி, இ வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரை கொடுத்த தாய்மாருக்கு எடை குறைந்த பிள்ளை பிறப்பது குறைந்தது. வைட்டமின் ஏ மாத்திரை கொடுத்தவர்களிடமோ பிள்ளைக்குத் தொற்று போவது கூடிவிட்டது. கூட்டு மருந்து அங்கே எட்டாத காலம் அது. கேரட்டுக்கும் கீரைக்கும் இதில் பயமில்லை. டாக்டர் எழுதாத மாத்திரைக்குத்தான் பயப்பட வேண்டும்.

மேசைக்குப் பின்னாலிருந்த செவிலியர் சுத்தத்தைப் பற்றி அழுத்திச் சொன்னார். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்புக்குக் கெட்டுப்போன சாப்பாட்டால் வரும் வயிற்றுப்போக்கே பெரிய எதிரி. முட்டை கெட்டியாக வெந்திருக்க வேண்டும், ஆஃப் பாயில் கூடாது. பால் பொங்கக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். கறியும் மீனும் உள்வரை வெந்திருக்க வேண்டும். கீரையை மண்போக மூன்று நான்கு தண்ணீரில் அலச வேண்டும். குடிக்கிற தண்ணீர் கொதித்து ஆறியது. மசக்கையில் சாம்பலும் மண்ணும் தின்கிற பழக்கத்தையும் அவர் விடாமல் கேட்கிறார். புழு வயிற்றில் சேரும், இருக்கிற ரத்தமும் போகும். சாதாரணமாகக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வதில்லையாம். “நானும் அரிசி தின்னவதான்” என்று அவரே முதலில் சொன்னால்தான் வாய் திறக்கிறார்களாம்.

அங்கிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம். மருந்து வழங்கும் ஜன்னலில் முப்பது மாத்திரை கொண்ட வெள்ளை டப்பாக்கள். மருந்தாளுநர் டப்பா மூடியைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலம் உள்ளே இருக்கிறதா என்று காட்டிவிட்டுக் கொடுக்கிறார். காரணம் கேட்டேன். நடந்தால் டப்பா கலகலவென்று சத்தம் போடுகிறதாம். பக்கத்துவீட்டுக்காரர் என்ன மாத்திரை என்று கேட்பாரோ என்ற பயத்தில் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து அரிசிக் குண்டானிலும் கடுகு டப்பாவிலும் ஒளித்து வைக்கிறார்கள். சமையற்கட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் மாத்திரை கெட்டுவிடும். இப்போது அவரே டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சுத்தமான பஞ்சை வைத்து, குலுக்கி, சத்தம் வரவில்லை என்று காதருகே காட்டிக் கொடுக்கிறார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இந்த அக்கறைக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இதே மையத்தில்தான் எட்டாவது மாத வாக்கில், 32 முதல் 36 வாரத்துக்குள், ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்துக்குக் கீழே என்றால் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் செய்வதில்லை. முன்பு பார்த்த அந்தப் பெண்ணுக்கு இன்னும் மூன்று மாத அவகாசம் இருக்கிறது. ராத்திரி எட்டரை மணிச் சாப்பாடு அதற்குள் வழக்கமாகிவிட்டால் அந்த எண் இறங்கும்.

பிரசவ வார்டில் பிறந்து ஒரு நாளான குழந்தை. தொற்று வராமல் தடுக்கும் நெவிரபின் சிரப்பை அதன் வாயில் விடச் செவிலியர் தாயைப் பழக்கிக்கொண்டிருந்தார். ஊசியில்லாத சிறு சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்புறமாக மெல்ல விட வேண்டும். வழக்கமாக ஆறு வாரம். தாய் மருந்தைத் தாமதமாகத் தொடங்கியிருந்தாலோ வைரஸ் குறையாமல் இருந்தாலோ பன்னிரண்டு வாரம், சில பிள்ளைகளுக்கு இரண்டு மருந்து. பக்கத்தில் பாட்டி ஒருவர், கையில் சின்னக் கிண்ணம், அதில் சர்க்கரைத் தண்ணீர்.

சேனை. நம்மூரில் பிறந்த பிள்ளைக்கு முதல் ருசி யார் கையால் என்பது பெரிய விஷயம். நல்ல குணமுள்ள ஒருவரைத் தேடிப்பிடித்து நாக்கில் தொட்டு வைக்கச் சொல்வார்கள். பிறகு உரை மருந்து, கழுதைப் பால், காய்ச்சலுக்கு ஒன்று, மாந்தத்துக்கு ஒன்று. எந்தப் பிள்ளைக்கும் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கூடாது. தொற்றுள்ள தாயின் பிள்ளைக்கு அது இன்னும் கண்டிப்பு. தாய்ப்பாலோடு வேறு எதையும் சேர்த்தால் பிஞ்சுக் குடலின் உட்சுவர் புண்படும், புண் வழியே கிருமி நுழைய வசதியாகிவிடும். டாக்டர் எழுதிய சிரப்பும் சொட்டு மருந்தும் மட்டும் விதிவிலக்கு. தாய் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு தாய்ப்பால் மட்டும் கொடுப்பதுதான் இங்கே சொல்லப்படும் வழி. செவிலியர் பாட்டியைத் திட்டவில்லை. “ஆத்தா, உங்க நல்ல கொணம் புள்ளைக்கு வரோணும்னா கையில எடுத்துக் கொஞ்சுங்க, வாயில வெக்காதீங்க” என்றார். கிண்ணம் அலமாரிக்குப் போயிற்று.

இந்தப் பாட்டிகளே பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று சொல்லிக் காயைக் குறைத்து, பழத்தை நிறுத்தி, தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிறார்கள். பால் கொடுக்கும் தாய்க்குக் கர்ப்ப காலத்தைவிடவும் கூடுதல் உணவு வேண்டும். முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கிலோ கலோரி அதிகம். பூண்டுக் குழம்பு நல்லதுதான், தாராளமாகக் கொடுங்கள். அதோடு கீரையும் பருப்பும் முட்டையும் பழமும் போகட்டும்.

பிற்பகலில் ஆலோசகரோடு ஒரு கிராமத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் மாமியாருக்கு எல்லாம் தெரியும். மருமகளுக்கு இது இரண்டாவது கர்ப்பம், ஏழாம் மாதம். மூத்தவள் அங்கன்வாடிக்குப் போகிறாள். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்ததிலிருந்து பதினெட்டாம் மாதக் கடைசிச் சோதனை வரை எல்லாவற்றிலும் தொற்றில்லை என்றே வந்த பிள்ளை.

அடுப்பில் அரிசியும் பருப்பும் சேர்ந்த சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. முருங்கைக்கீரையை உருவியபடியே மாமியார் பேசினார். விஷயம் தெரிந்த புதிதில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாராம். சேர்ந்து சாப்பிட்டால், ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது என்று மையத்தில் சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வர நாளாயிற்றாம். “பேத்திக்கு இல்லைன்னு சீட்டு வந்துச்சுங்க. அன்னைக்கே அந்தத் தட்டை எடைக்குப் போட்டுட்டனுங்க” என்றார். பேசிக்கொண்டே ஒரு வட்டிலில் சாதத்தைப் போட்டு, நெய் விட்டு, கீரையும் முட்டையும் வைத்தார். கணவரும் மகனும் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வட்டில் அவர்களுக்குப் போகவில்லை. மருமகள் முன்னால் வந்தது.

“எங்கூட்டுல அவதானுங்க மொதப் பந்தி. மத்தவிங்க அப்பறம்.”

நான் பார்த்த மருத்துவமனையில் மருந்துக்கும் ஆளுக்கும் குறையில்லை. அரசு செய்ய வேண்டியதைப் பெரும்பாலும் செய்கிறது. மீதி சமையற்கட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், தொற்று உண்டோ இல்லையோ, இன்று இரவு அவரை முதலில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள். ஆண்களே, மனைவிக்கு ரத்தம் எடுக்கும் நாளில் நீங்களும் கையை நீட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.